திருமணத்திற்கு முன்பா, பின்பா: வருங்காலக் கணவரின் திவால் மனு என்னை எந்த அளவுக்குப் பாதிக்கும்?

கேள்வி கேட்டவர்: மணல்வீடு

எனக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. நான் மணக்கப்போகிறவர் நடத்திய சிறு தொழில் நொடித்துப்போனது. தொழிலுக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கு அவரே சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்ததால், நிறுவனத்தை மூடிய பிறகும் கடன் அவர் தலையில் நிற்கிறது. கடைசி மாதங்களில் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தேய்த்த கிரெடிட் கார்டுகளின் பாக்கியும் அதோடு சேர்ந்துகொண்டது. வட்டியை மட்டும் கட்டிக் காலத்தைத் தள்ளுவதில் பொருளில்லை என்று இருவரும் பேசி, அவர் திவால் மனுப் போடுவதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கடன்காரர்களின் பட்டியல் முழுவதையும் அவர் என் முன் வைத்துவிட்டார்.

என் பக்கம் நிலையான வேலை, ஓரளவு சேமிப்பு, என் பெயரில் மட்டும் உள்ள ஒரு வீடு, அதன் மீது ஒழுங்காகத் தவணை செலுத்தி வரும் கடன் ஆகியவை உள்ளன. வேறு கடன் எனக்கு இல்லை.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவருடைய நண்பர், திருமணத்தை முடித்துவிட்டு இருவருமாகச் சேர்ந்து மனுப் போட்டால் செலவு மிச்சம் என்கிறார். என் சித்தி, திருமணத்திற்கு முன்பே வீட்டை அம்மா பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார். மணக்கப்போகிறவரோ, எல்லாம் முடிந்து கடன் வரலாற்றிலிருந்து திவால் பதிவு நீங்கும் வரை திருமணத்தையே தள்ளிப்போடலாம் என்கிறார். வழக்கறிஞரைப் பார்க்கத்தான் போகிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதும் தெரியும். ஆனாலும் அவர் முன் போய் உட்காருவதற்கு முன், இந்தச் சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: படிக்கல்

சட்ட அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது திவால் சட்டத்தைப் பற்றியே அல்ல. உங்கள் திருமணம் எந்தச் சொத்து முறையின் கீழ் வரும் என்பதைத்தான். அந்த விடை கிடைக்காமல் மற்றதைப் பேசினால் எல்லாமே அரைகுறையாக நிற்கும்.

இங்கிலாந்து, இந்தியா, ஜெர்மனி போன்ற நாடுகளில், திருமணம் ஆன காரணத்தாலேயே ஒருவர் பட்ட கடன் மற்றவர் கடனாகிவிடுவதில்லை. இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் தனிச்சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அந்தத் தனித்தன்மையே கடன்காரர்களிடமிருந்து அவளுக்கு வேலியாகவும் ஆயிற்று. ஜெர்மனியில் மணவாழ்க்கையின்போது இருவரும் ஈட்டிய ஆதாயத்தை மணமுறிவில் சமப்படுத்துவார்களே தவிர, கடனுக்கு அவரவரே பொறுப்பு.

இதற்கு நேர்மாறானது முழுப் பொதுச்சொத்து முறை. தென்னாப்பிரிக்காவில் முன் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் மணந்துகொண்டால், திருமணத்திற்கு முன் பட்ட கடன்கள் உட்பட இருவரின் சொத்தும் கடனும் ஒரே தொகுப்பாகிவிடும். அந்தத் தொகுப்பு திவாலானால் இருவருமே திவாலானவர்கள். நெதர்லாந்திலும் 2018 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் நடந்த திருமணங்களுக்கு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஏறத்தாழ இதே நிலைதான். அதற்குப் பின் மணந்தவர்களுக்கு, ஒருவர் முன்பே தனியாகப் பட்ட கடன் அவருடைய தனிக்கடனாகவே நிற்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில், திருமணத்திற்குப் பின் ஈட்டியது மட்டும் பொதுச்சொத்து என்னும் முறை இருக்கிறது. பிரான்சில் அதுவே பொது விதி. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட 9 மாநிலங்களில் இதன் ஏதோ ஒரு வடிவம் நடைமுறையில் உள்ளது. உங்களைப் போன்றவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த நடுமுறையைத்தான், ஏனெனில் இது பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும். கலிபோர்னியாவில், கணவர் திருமணத்திற்கு முன் பட்ட கடனுக்காகக்கூடத் திருமணத்திற்குப் பின் சேரும் பொதுச்சொத்தின் மீது கடன்காரர் கை வைக்கலாம். மனைவியின் சம்பளத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும், கணவர் பணம் எடுக்க முடியாத தனிக் கணக்கில், வேறு பணத்தோடு கலக்காமல் அதை வைத்திருந்தால் மட்டுமே. ஒரே கணக்கில் சம்பளத்தைப் போட்டுக் குடும்பம் நடத்தும் வழக்கமான தம்பதியர் அந்த விலக்கைத் தாங்கள் அறியாமலேயே இழந்துவிடுகிறார்கள்.

பொதுச்சொத்து முறைதான் உங்களுக்குப் பொருந்தும் என்றால், தனிச்சொத்து ஒப்பந்தத்தைத் திருமணத்திற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் எழுதுவதைப் பல நாடுகள் அனுமதித்தாலும், அதற்குள் உருவாகிவிட்ட கடன்காரரின் உரிமையை அது பறிக்காது.

தனிச்சொத்து முறையாக இருந்தால், அவருடைய கடன் உங்களிடம் வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் உங்கள் கையெழுத்துத்தான் வழி. கூட்டாக வாங்கிய கடனில் உங்கள் பங்கு பாதிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் திவால் மூலம் விடுபட்டால், பாக்கி முழுவதையும் உங்களிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. அவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு அவருக்கு மட்டுமே உரியது. கூடக் கையெழுத்திட்டவருக்கோ ஜாமீன் நின்றவருக்கோ அது பொருந்தாது.

வீட்டை ஈடுவைக்கும் ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும். 1993இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பார்க்ளேஸ் வங்கி எதிர் ஓ'பிரையன் வழக்கில், கணவருடைய நிறுவனத்தின் கடனுக்காக மனைவி குடும்ப வீட்டின் மீது பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தார். பொறுப்பு 60,000 பவுண்டுக்குள் அடங்கும், 3 வாரத்தில் தீர்ந்துவிடும் என்று கணவர் சொன்னதை நம்பி, தாளைப் படிக்காமலேயே அவர் கையெழுத்துப் போட்டார். உண்மையில் வங்கி அனுமதித்த மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) 135,000 பவுண்டு. அந்தப் பெண் வழக்கில் வென்றார். மனைவி தனியாக ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்றதை வங்கி உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறையை 2001இல் எட்ரிஜ் வழக்கின் தீர்ப்பு வகுத்தது. அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள்: ஆலோசனை பெற்றுக் கையெழுத்திட்ட பிறகு, தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்புவது மிகக் கடினம்.

பதில்: வரவுசெலவு

படிக்கல் ஐயா சொத்து முறையைத் தெளிவாக விளக்கிவிட்டார். கணக்குத் துறையில் இருப்பவன் என்பதால், எப்போது மனுப் போடுவது என்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

சேர்ந்து மனுப் போடும் யோசனை அமெரிக்கச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர் சொன்னதாக இருக்க வேண்டும். அங்கே சட்டப்படி மணமான கணவனும் மனைவியும் ஒரே மனுவில், ஒரே கட்டணத்தில் திவால் கோரலாம். ஆனால் அது அவர்களுக்குத் தரப்பட்ட வசதியே அன்றிக் கட்டாயம் அல்ல. இருவருக்கும் கடன் இருந்தால், குறிப்பாகக் கூட்டுக் கடன் இருந்தால், அது நல்ல வழி. கடனே இல்லாத நீங்கள் அதில் சேர்ந்தால், கட்டணத்தில் மிச்சம் பிடிப்பதற்காக உங்கள் வீட்டையும் சேமிப்பையும் திவால் கணக்குக்குள் நீங்களே கொண்டுபோய் வைத்ததாகிவிடும்; உங்கள் கடன் வரலாற்றிலும் திவால் என்று ஏறிவிடும். எனக்கு இதைவிட மோசமான சிக்கனம் தெரியாது.

நீங்கள் கையெழுத்திடாவிட்டாலும் உங்கள் சம்பளம் அவருடைய மனுவுக்குள் நுழையக்கூடும் என்பது பலருக்கும் தெரியாது. அமெரிக்காவில் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் 7ஆம் அத்தியாய மனுவா, 3 முதல் 5 ஆண்டுத் தவணைத் திட்டத்துடன் கூடிய 13ஆம் அத்தியாய மனுவா என்பதைத் தீர்மானிக்க, மனுவுக்கு முந்தைய 6 மாதங்களின் சராசரி வருமானத்தைப் பார்க்கிறார்கள். திருமணமாகி ஒரே வீட்டில் இருந்தால், மனுப் போடாத துணையின் வருமானமும் இந்தக் கணக்கில் வரும். குடும்பச் செலவுக்குத் தராமல் துணை தன் சொந்தத் தேவைக்கும் தன் கடனுக்கும் செலவிடுவதைக் கழிக்க இடமுண்டு. ஆனால் அதைத் தாளில் காட்டியாக வேண்டும். தனியாளாக இருந்தபோது எளிதில் தகுதி பெற்றிருக்கக்கூடிய ஒருவர், நல்ல சம்பளக்காரரை மணந்த பிறகு, தவணைத் திட்டத்துக்குள் தள்ளப்படுவது இப்படித்தான். இங்கிலாந்திலும், வாடகையிலும் மளிகையிலும் நீங்கள் எவ்வளவு ஏற்க முடியும் என்பதைக் கணக்கிட்டு, அவருடைய வருமானத்தில் மீதியைக் கடனுக்குக் கேட்பார்கள். அப்படிச் செலுத்துவது 3 ஆண்டு வரை நீளலாம், அவருக்கு வழக்கமான விடுவிப்பு 12 மாதத்தில் கிடைத்துவிட்டாலும்கூட.

ஆகவே உங்கள் நிலையில், அதாவது கடன் முழுவதும் அவருடையது, வருமானமும் வீடும் உங்களுடையது என்னும் நிலையில், மனு முதலில், திருமணம் பிறகு என்பதே என் கருத்து.

மனுவுக்குப் பின் வந்து சேரும் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் மனுப் போட்ட 180 நாட்களுக்குள் அவருக்கு உரிமையாகும் வாரிசுச் சொத்தும் ஆயுள் காப்பீட்டுத் தொகையும் திவால் தொகுப்பில் சேரும். இங்கிலாந்தில் விடுவிப்புக்கு முன் அவருக்கு வரும் எந்தச் சொத்தையும், அன்பளிப்பு உட்பட, திவால் பொறுப்பாளர், அதாவது திவாலானவரின் சொத்தைக் கையேற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துத் தருபவர், கோரலாம். திருமணப் பரிசாக உறவினர்கள் பெரிய தொகை தர நினைத்தால், யார் பெயரில் தருகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பதில்: தனிச்சாவி

என் கணவர் திவாலாகி விடுவிப்பும் பெற்றவர். நான் மனுவில் சேரவில்லை. சட்டத்தைவிட அன்றாடம் சந்தித்ததைச் சொல்கிறேன்.

எங்களைச் சிக்கவைத்தது பெரிய கடன் எதுவும் அல்ல, மின்கட்டணம் செலுத்துவதற்காக வைத்திருந்த கூட்டு வங்கிக் கணக்கு. திவால் உத்தரவு வெளியானதும் வங்கி அந்தக் கணக்கை முடக்கியது. அதில் இருந்தது பெரும்பாலும் என் சம்பளம். என் அலுவலகச் சம்பளச் சீட்டையும் கணக்கு அறிக்கையையும் வரிவரியாக ஒப்பிட்டு, எந்தப் பணம் என்னுடையது என்பதைப் பச்சை மையால் குறித்துக் கொடுத்த பிறகே பணம் திரும்பியது. அதற்கிடையில் என் வீட்டுக்கடன் தவணை ஒன்று தவறி, என் கடன் வரலாற்றிலும் கறை விழுந்தது. திருமணத்தால் இருவர் கடன் வரலாறும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆனால் பிரிட்டன் போன்ற இடங்களில், கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ தொடங்கினால் இருவருக்கும் நிதித் தொடர்பு இருப்பதாகப் பதிவாகி, உங்களுக்குக் கடன் தர வருபவர் அவருடைய வரலாற்றையும் பார்ப்பார். எனவே மனுவுக்கு முன் கூட்டாக எதையும் தொடங்காதீர்கள், இருப்பதை மூடிவிடுங்கள்.

திருமணத்தைப் பதிவு நீங்கும் வரை தள்ளிப்போடும் யோசனை எனக்கு மிகையாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 7ஆம் அத்தியாயப் பதிவு கடன் அறிக்கையில் 10 ஆண்டு வரை நிற்கக்கூடும். அதுவரை யார் காத்திருப்பது? அந்தக் காலத்தில் நீங்கள் எதிர்கொள்ளப்போவது, வீட்டுக்கடனோ வாகனக் கடனோ தேவைப்பட்டால் உங்கள் வருமானத்தை மட்டும் காட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதுதான். கிடைக்கும் தொகை குறையும், அவ்வளவே. நாங்கள் அதற்கேற்பச் சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டோம்.

மணல்வீடு

மூவருக்கும் நன்றி. கூட்டுக் கணக்கு எங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. சில காலமாக அவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். மாதந்தோறும் என் கணக்குக்கு ஒரு தொகை அனுப்புகிறார், நான் அதை வாடகைப் பங்காகவே நினைத்து வந்தேன். அடுத்து, மனுவுக்கு முன் தம்முடைய காரை என் பெயருக்கு மாற்றிவிட விரும்புகிறார். எப்படியும் திருமணம் ஆகப்போகிறது, அதனால் தவறில்லை என்கிறார். சித்தி சொன்ன வீட்டு மாற்றத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: படிக்கல்

காரை வாங்காதீர்கள், அம்மா. திவாலாகப்போகிறவர் விலையில்லாமலோ குறைந்த விலைக்கோ நெருங்கியவருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் அதிகாரம் எல்லாத் திவால் சட்டங்களிலும் இருக்கிறது. பொறுப்பாளர் முதலில் தேடுவதே அதைத்தான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 2 ஆண்டு பின்னோக்கிப் பார்க்கிறது, மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் அதைவிட நீண்ட காலம் பார்க்கின்றன. இங்கிலாந்தில் 5 ஆண்டு. திருமணம் ஆகப்போகிறது என்ற விளக்கம் எங்கே எடுபடும் என்பதில் வேடிக்கையான முரண் உண்டு. இந்தியாவின் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம், திருமணத்தை முன்னிட்டு, திருமணத்திற்கு முன்பே செய்த சொத்து மாற்றத்துக்கு விலக்குத் தருகிறது. இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டமோ, திருமணத்தை முன்னிட்டுச் செய்த மாற்றத்தையே குறைமதிப்பு மாற்றங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆகவே ஒரு நாட்டில் கேள்விப்பட்டதை இன்னொரு நாட்டில் நம்பி நடந்தால் வம்பு. கார் மட்டுமல்ல: நீங்கள் அவருக்கு எப்போதாவது கைமாற்றுக் கொடுத்திருந்தால், மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் இப்போது திருப்பித் தருவதும் செல்லாததாக்கப்படலாம். சொத்தை மறைத்தால் அவருக்கு விடுவிப்பே மறுக்கப்படலாம்; ஒரு பழைய காருக்காக அந்த ஆபத்தை ஏற்பது அறிவுடைமை ஆகாது. தொழிலுக்கோ போக்குவரத்துக்கோ தேவையான, ஓரளவு மதிப்புக்கு உட்பட்ட வாகனத்தைப் பல சட்டங்கள் அவரிடமே விட்டுவைக்கின்றன. அதை நேராகக் கேட்டுப் பெறலாம்.

அவர் அனுப்பும் மாதத் தொகைதான் நீங்கள் எழுதியதில் எனக்கு மிகுந்த கவலை தருவது. பெயர் உங்களுடையதாகவே இருந்தாலும், வீட்டின் விலைக்கோ கடன் தவணைக்கோ ஒருவர் பணம் போட்டிருந்தால் அவருக்கும் வீட்டில் ஒரு பங்கு உண்டு என்று இங்கிலாந்துச் சட்டம் போன்றவை சில சூழல்களில் ஏற்கின்றன. பங்கு அவருடையது என்றால், திவாலானதும் அது பொறுப்பாளருடையது. குடும்ப வீட்டில் அப்படி ஒரு பங்கு இருந்தால், அதைப் பணமாக்க நடவடிக்கை எடுக்க அங்கே பொறுப்பாளருக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதிலும் முதல் ஆண்டு கழிந்தபின், விதிவிலக்கான சூழல் இருந்தாலன்றி, கடன்காரர்களின் நலனே மேலானது என்று நீதிமன்றம் கொள்ளும். உங்கள் வங்கி அறிக்கையை எடுத்து, அவர் அனுப்பிய தொகை எந்தத் தேதியில் வருகிறது, உங்கள் தவணை எந்தத் தேதியில் போகிறது, தொகைகள் ஒத்துப்போகின்றனவா, பரிமாற்றக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். மாதந்தோறும் வீட்டுக்கடன் என்று குறிப்பிட்டிருந்தால் வழக்கறிஞரிடம் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும். பழைய குறிப்பை மாற்ற முடியாது, மாற்ற முயலவும் கூடாது. வாடகையாகத்தான் வந்தது என்றால் அப்போதே எழுதிய செய்திகள், செலவுப் பகிர்வுக் கணக்குகள் இருக்கும், அவற்றைத் திரட்டுங்கள்.

வீட்டை அம்மா பெயருக்கு மாற்றுவதால் பயன் இல்லை. உங்கள் சொத்து என்றால் அவருடைய திவால் அதைத் தொடாது. அவருக்குப் பங்கு உண்டு என்றால் மாற்றியதே சந்தேகத்தைக் கிளப்பும். கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல், பதிவுச் செலவு ஆகியவை வேறு.

பதில்: நிழல்மரம்

எல்லோரும் திவாலோடு அவருடைய கடன் முழுவதும் கரைந்துவிடும் என்ற எண்ணத்தில் பேசுகிறீர்கள். கரையாதவையும் உண்டு. பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையும் ஜீவனாம்சமும் நிற்கும்; அமெரிக்காவில் அண்மைக் கால வருமான வரியும் பெரும்பாலான கல்விக் கடன்களும் நிற்கும். இவை இருந்தால் மனுவுக்குப் பின் மணந்தாலும் குடும்ப வரவுசெலவில் ஆண்டுக்கணக்கில் இடம் கேட்கும். அமெரிக்காவில் கணவன் மனைவி கூட்டாக வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், அவருடைய பழைய பாக்கிக்காக இருவருக்கும் சேர வேண்டிய வரித் திருப்பத்தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் பங்கை மீட்க 8379 என்ற எண்ணுள்ள படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் நடத்தியவர் என்பதால் ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி ஏதேனும் செலுத்தாமல் விடுபட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அவர் வைத்த பட்டியலில் கடன்காரர்கள் இருப்பார்கள். வரித்துறையைக் கடன்காரராக நினைக்கும் பழக்கம் பலருக்கு இல்லை.

பேச விரும்பாத ஒன்று: பின்னாளில் பிரிய நேர்ந்தால், இந்தக் கடனை அவர் கட்டுவார் என்று மணமுறிவு உத்தரவில் எழுதியிருந்தாலும், கூட்டுக் கையெழுத்து உள்ள வங்கியை அது கட்டுப்படுத்தாது.

மணல்வீடு

வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான மாதங்களில் 'வீட்டுச் செலவு' என்றே குறிப்பிட்டிருக்கிறார். தொகையும் என் தவணையோடு ஒத்துப்போகவில்லை. காரை அவர் பெயரிலேயே விடச் சம்மதித்துவிட்டார். வரிப் பாக்கி பற்றிக் கேட்டதற்குத் தன் பழைய கணக்காளரிடம் விசாரிப்பதாகச் சொன்னார். கடைசியாக ஒரு சந்தேகம்: மனுப் போட்டால் போதுமா, அல்லது விடுவிப்பு வரும் வரை திருமணப் பதிவைத் தள்ள வேண்டுமா?

பதில்: வரவுசெலவு

உங்கள் நாட்டு முறையைப் பொறுத்தது. தனிச்சொத்து முறையும் மனுத் தேதியை வைத்தே வருமானத்தைக் கணக்கிடும் சட்டமும் என்றால், மனுவை ஏற்றுப் பதிவு செய்த பிறகு மணந்துகொள்ளத் தடையாக எதுவும் இல்லை. ஆனால் அவருடைய மனு 13ஆம் அத்தியாயம் போன்ற தவணைத் திட்டமாக இருந்தாலோ, இங்கிலாந்தைப் போல விடுவிப்பு வரையிலான வருமானத்தையும் சொத்தையும் கவனிக்கும் இடமாக இருந்தாலோ, இடையில் குடும்ப வருமானம் மாறியதைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். திட்டத் தவணை கூடவும் கூடும். பொதுச்சொத்து முறை என்றால், தனிச்சொத்து ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே பதிவு. வரிப் பாக்கி பற்றிய விடை கணக்காளரிடமிருந்து வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் வரட்டும். அந்தத் தாளும் வழக்கறிஞரிடம் கொண்டுபோகும் கோப்பில் இருக்க வேண்டும்.